யாரும் கேட்காத கேள்வி

திரையில் உஷாராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து, ஒளியில் தலை படாமல் குனிந்து வெளியே போனது. கமலநாதன் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார். பக்கத்தில் அவர் மனைவி, நிஜ உஷாராணி, பட்டுச் சேலையில், மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். போனவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் ஒவ்வொருவரையும் பார்த்தார். மடக்கு நாற்காலி ஒன்று கிறீச்சிடும்போதெல்லாம், தன் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சாப்பிடாமல் எழுந்து போவதுபோல் அவருக்குக் காது சூடானது.

துறைமுக நகரமான கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் உஷாராணி உதவியாளராக இருந்தாள். பிள்ளைகளின் சத்தத்தைப் பதிவு செய்ய வந்த கிரிதரன் என்ற இளைஞன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் படத்தில் அம்மாவாக நடிக்க முடியுமா என்று கேட்டான். டிவி நாடகம் மாதிரி ஏதோ என்று நினைத்துக் கமலநாதனும் சரி என்றார். பக்கத்து ஊரான மேருவில் அவர் சூப்பர்வைசராக இருந்த தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். இன்று தலைநகர் பிரிக்பீல்ட்சில் முதல் திரையிடல் என்று அழைக்கவும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? யாரும் வரவில்லை. படம் தொடங்கும்வரை அது கோபமாக இருந்தது. இப்போது கடவுளுக்கு நன்றி சொன்னார்.

படத்தில் ஒரு வீடு. பார்வை மங்கிக்கொண்டிருக்கும் தகப்பன் ஹாலில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் போவது இல்லாமல் போவதாகுமா என்று கேட்கிறார். வளர்ந்த மூன்று பிள்ளைகளும் கடவுள், காலம், ஞாபகம் என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா சமையலறையில் இருக்கிறாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேமரா சில சமயம் ஒரு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கும் மத்தியானத்தில் அம்மா சுவரைப் பார்த்து நின்று, சின்னக் குரலில் பேசத் தொடங்கினாள். “நாள் பூரா என்னா பண்றேன்னு கேட்டிங்களே. ஒன்னும் பண்ணல. நீங்க வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும், அதான் தெரியல.” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. “உனக்கு என்னாத்துக்கு பாஸ்போர்ட், எங்க போகப் போறன்னு கேட்டிங்க. எங்கயும் போகல. சும்மா வச்சிருக்கலாம்னுதான்.”

சிரிப்பு பரவியது. அந்தப் படத்தில் பாஸ்போர்ட்டைப் பற்றி யாரும் பேசியிருக்கவே இல்லை.

கமலநாதனுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது. பள்ளித் தோழிகள் கடல் தாண்டி மேடானுக்குச் சுற்றுலா போகிறார்கள், நானும் பாஸ்போர்ட் எடுத்து வைக்கட்டுமா என்று அவள் கேட்டதும், தட்டிலிருந்து தலை தூக்காமல் அவர் சொன்னதும். அதே வார்த்தைகள். அவள் அன்று ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டதென்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“டாய்லெட்,” என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார். அவர் நாற்காலியும் கிறீச்சிட்டது.

கழிவறையில் இரண்டு பையன்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்தவன் சொன்னான்: “அந்த ஆன்டி செவுத்துகிட்ட எவ்ளோ நேரம்டா பேசும்? ஆர்ட் பிலிம்னா இப்படியா லா?”

இன்னொருவன் கண்ணாடியில் கமலநாதனைப் பார்த்தான். “அங்கிளும் ஓடி வந்துட்டாரு பாரு. உங்களுக்கு ஏதாச்சும் புரிஞ்சுதா அங்கிள்?”

“எனக்கு என்னா புரியும்? சும்மா கூப்பிட்டாங்க, வந்தேன்.”

“நடிச்சவங்க யாராச்சும் தெரிஞ்சவங்களா?”

“இல்லயே,” என்றார். குரல் சாதாரணமாகவே வந்தது.

“அந்த ஆன்டி கொஞ்சம் பைத்தியம் மாதிரி இல்ல?”

“மாதிரி என்னா,” என்றார் கமலநாதன், “பைத்தியம்தான்.”

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் குழாயைத் திறந்து, அவர்கள் போகும்வரை முகத்தைக் கழுவினார். தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

படம் முடிந்தபோது பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. இருந்தவர்களில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி சண்முகரத்தினம் மைக்கை முதலில் வாங்கினார்.

“தம்பி, கருத்து பெரிசுதான். ஆனா கதை எங்க? அந்த பாஸ்போர்ட் விசயம், அத யாரு கேட்டா? திரைக்கதையில ஓட்டை.”

சுதர்சினி என்ற இளம்பெண் அவர் உட்காரும்வரை பொறுக்கவில்லை. “அது ஓட்டை இல்ல அங்கிள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் அழுதேன். எங்கம்மாவும் இப்படித்தான், யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

அது இருத்தலின் கடவுச்சீட்டு என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். தகப்பன் கேட்ட கேள்விக்கு அம்மா சொன்ன பதில் அது என்றார் மற்றொருவர். சும்மா பாவ்லா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கிரிதரன் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினான்.

“உண்மைய சொல்லிடறேன். அது நான் எழுதினது இல்ல. பதில் சொல்லாம விட்ட எதுக்காச்சும் பதில் சொல்லுங்கன்னு மட்டும்தான் சொன்னேன். மத்தது உஷாக்கா.”

எல்லாத் தலைகளும் திரும்பின. மைக் அவள் கைக்கு வந்தது.

“மனசுல வந்துச்சு,” என்றாள் உஷாராணி. அவ்வளவுதான். பக்கத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்த கணவரை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் கழுத்தை எவ்வளவு நேராக வைத்திருந்தாள் என்பது கமலநாதனுக்கு மட்டும் தெரிந்தது.

வெளியே தேநீரும் கறிபாப்பும் வைத்திருந்தார்கள். சுதர்சினி வந்து உஷாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து அந்த இரண்டு பையன்களும் வந்தார்கள். கமலநாதன் தேநீர்க் குவளையோடு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“ஆன்டி, ஒரு செல்பி?”

அவள் முகம் மலர்ந்தது. “எடுங்க எடுங்க. இருங்க, இவரையும் கூப்பிடறேன். என்னாங்க! இங்க வாங்களேன். இவர்தான் எங்க வீட்டுக்காரரு.”

தாடிக்காரனின் போன் மெல்லத் தாழ்ந்தது. அவன் கமலநாதனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இல்லை. தப்பு செய்த பெரியவரைப் பார்க்க நேர்ந்துவிட்ட சங்கடம்தான் இருந்தது. கேலி செய்திருந்தால் தேவலாம் என்று கமலநாதனுக்குத் தோன்றியது.

“சாரி அங்கிள்,” என்றான். பிறகு அவளிடம், “சாரி ஆன்டி.”

“எதுக்குப்பா சாரி?”

தாடிக்காரன் போனை மறுபடி உயர்த்தினான். போட்டோ எடுத்தார்கள். உஷாராணி சிரித்தபடி நடுவில் நின்றாள்.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போனார்கள். பூக்கடைகளைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“அந்தப் பையன் எதுக்கு சாரி சொன்னான்?”

“படத்துல பாதியில எழுந்து போனாங்களாம்.”

“நீங்களுந்தான் போனிங்க.”

சிக்னலில் நின்றார்கள். பச்சை விழுந்தும் அவர் கால் எடுக்கவில்லை. எதையாவது சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் போலிருந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அந்த நிலையிலும் அவர் கணக்குப் போட்டார்.

“நடிச்சவங்கள தெரியுமான்னு கேட்டானுங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

உஷாராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“சரி,” என்றாள்.

ரயில் வந்ததும் அவள் நடைமேடையின் நடுப்பகுதிக்கு நடந்து, இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெண்கள் பெட்டியில் ஏறினாள். எப்போதும் அவரோடுதான் ஏறுவாள். அவர் ஓடி அடுத்த பெட்டியில் ஏறினார். இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை. ஆண்கள் வரக்கூடாது என்ற பலகை மட்டும் தொங்கியது. அவர் அதனருகில் வளையத்தைப் பிடித்து நின்றார்.

பெட்டாலிங் தாண்டியபோது அவள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் தலையில் துடோங் முக்காடு கட்டிய மலாய்க்கார மக்சிக் ஒருவரும், மடியில் பையோடு ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார்கள். உஷாராணியின் கைகள் காற்றில் எதையோ வரைந்து வரைந்து காட்டின. இவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி அவர் பார்த்ததில்லை. ரயில் சத்தத்தில் ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

தமிழ்ப் பெண் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அந்த மலாய்க்கார அம்மாவும் பார்த்தார். உஷாராணி திரும்பவில்லை.

கமலநாதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துத் தண்டவாளத்தில் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் ஒன்று நின்றிருந்தது. கன்டெய்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடியை உரசுவதுபோல், கடந்துகொண்டே இருந்தன.