குறிஞ்சிமேட்டில் ஐம்பத்தெட்டுப் பேர்

தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் குறிஞ்சிமேட்டு டிவிஷனில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் வேலையைக் கற்பகம் கேட்டு வாங்கினாள். இப்போது கீழே மூணாறில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தாலும், அவள் பிறந்தது அங்கே ஆறாம் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான்.

போவதற்கு முன் பழைய கணக்குகளைத் தேடிப் படித்தாள். கொள்ளுப்பாட்டன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியின் பின்னால் மலையேறிய காலத்தில் நூற்றுப்பத்துப் பேர். அம்மா கொழுந்து கிள்ளிய நாளில் ஆயிரத்து அறுநூறு. போன முறை நானூறு. தேயிலைக்கு முன்னால் அந்தக் காட்டில் இருந்த முதுவான் பழங்குடிகள் எத்தனை பேர் என்று அவளுக்குக் கிடைத்த எதிலும் இல்லை.

மூன்று நாள் நடந்தாள். வீட்டுக்கு வீடு பூட்டு. பிள்ளைகள் திருப்பூருக்கும் கொச்சிக்கும் போயிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கம் இறங்கியிருந்தார்கள்.

ஆறாம் லயத்தில் சாந்தம்மாள் கதவைத் திறந்தாள். அவள் மகன் பாண்டித்துரை, மனைவி பிள்ளையோடு திருப்பூர் போய் எட்டு வருஷமாகிறது.

“நாலு பேருன்னு எழுதிக்க, தாயி.”

“அவங்கள அங்கயே எழுதிருவாங்க, சித்தி.”

“அங்க எழுதுறது அங்க. நான் ஒத்தையில கெடக்கேன்னு கவருமெண்டுக்குத் தெரிய வேண்டாம்.”

கற்பகம் தலையைக் குனிந்துகொண்டு, போனில் ஒன்று என்று பதிந்தாள். சாந்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காப்பி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்தது கற்பகம் பிறந்த வீடு. ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் அதில் இருந்தது. புருஷன் தேயிலைக்கு மருந்தடிக்கப் போயிருந்தான். அந்தப் பெண், டீச்சருக்கு எந்த ஊர் என்று அரைகுறைத் தமிழில் விசாரித்தாள். இந்த வீட்டில்தான் பிறந்தேன் என்றாள் கற்பகம். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. வீட்டைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, வெளியே விளையாடிய இரண்டு குழந்தைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கற்பகம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவளுக்குப் புரியவில்லை. மீதிக் கேள்விகளுக்குக் கதவிடுக்கிலிருந்தே பதில் வந்தது.

மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர்.

தேவிகுளத்தில் மேற்பார்வையாளர் வேல்முருகன் எண்ணைச் சரிபார்த்தார். இவ்வளவு குறைந்துவிட்டதால் அடுத்த முறை குறிஞ்சிமேட்டைக் கீழ் டிவிஷனோடு சேர்த்துவிடுவார்கள் என்றார்.

“ஊர்ப் பேரு மட்டுமாவது தனியா இருக்காதா, சார்?”

“அதுக்கு இடமில்லைங்க டீச்சர்.”

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தாள். மூணாறு பஸ் வந்தது. உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.