அகராதி பட்டினி கிடந்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஓர் ஆங்கில அகராதியை உட்காரவைத்துப் பட்டினி போட்டு, சோற்றுக்குக் கெஞ்ச வைத்த ஒரே மனிதன் நான்தான். ஒரு பட்டாளமே திரண்டு வந்திருந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது. நான் முக்காலியில் உட்கார்ந்தபடியே செய்தேன்.

நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவி மீனாட்சியம்மாளே நம்பவில்லை. பொதுப்பணித்துறையிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் முதல், மழை பெய்கிறது என்று சொன்னாலும் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கப் போவாள். அன்றைக்கு அவள் பின்பக்கத்தில் அடைப்பிரதமன் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். பந்தலில் நடந்ததைப் பார்க்கவில்லை.

அந்த அகராதியின் பெயர் சிதம்பரதாணு. கோட்டாற்றில் ஒரு செருப்புக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறார். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொடுத்தால் போதும், நடுவே உள்ள வித்தியாசத்தைத் தோண்டித் தோண்டி அதில் நம்மைப் புதைத்துவிடுவார். அவர் தெருவில் வந்தால் நாய்கள்கூட வாயைப் பொத்திக்கொள்ளும், தப்பாகக் குரைத்துவிட்டால் என்ன செய்வது என்று. ஒரு துஷ்டி வீட்டில், தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு "ஐ ஆம் சேட்" என்ற மகனை நிறுத்தி, "சேட் என்பது சாதாரண வருத்தம். உன்னுடையது கிரீஃப். திருத்திச் சொல்" என்றார். பையனுக்கு அழுகை நின்றுவிட்டது. கோபத்தில்.

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டு விசேஷத்தில் வந்து வாய்த்ததுதான் கொடுமை. என் தம்பி மகள் லட்சுமிப்ரியாவுக்கும் வள்ளிநாயகத்தின் மகன் ஹரிகுமாருக்கும் நிச்சயதாம்பூலம். தம்பி இறந்துபோனதால் பெண் வீட்டுக்குப் பெரியவன் நான். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பி, வீட்டார் சம்மதித்து, ஹரிகுமார் அயர்லாந்திலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். ஆனால் பையனின் தாய்மாமன் கைநீட்டித் தட்டு வாங்காமல் நிச்சயம் கிடையாது. அந்தத் தாய்மாமன்தான் சிதம்பரதாணு.

தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அயர்லாந்துக்குப் போற பிள்ளைல்லா. நாளைக்கு நாலு பேரு முன்னால எனக்க மருமவன் தலைகுனிஞ்சு நிக்கப்பிடாது. ரெண்டு கேள்வி கேக்கட்டு" என்றார்.

லட்சுமிப்ரியா தாவணியைப்போல் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஹவுஸ், ஹோம். வித்தியாசம் சொல்லு."

"ஹவுஸ்னா கட்டடம். ஹோம்னா நமக்குள்ளவங்க இருக்கப்பட்ட இடம், மாமா."

"அரைகுறை. அலோன், லோன்லி?"

"தனியா இருக்கது அலோன். தனியா இருக்கோமேன்னு விசனப்படுகது லோன்லி."

"புஸ்தகத்துல உள்ள பதிலு. ஜாப், ஒர்க்?"

"சம்பளம் வாறது ஜாப். சம்பளம் இல்லாம எங்க பெரியம்மை அடுக்களையில கெடந்து செய்யது ஒர்க்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. சிதம்பரதாணு சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டுமென்றால் முதலில் 'லாஃப்'பா 'ஸ்மைல்'லா என்று முடிவுசெய்ய வேண்டும். "பிள்ளைக்கு நுட்பம் போராது. சாப்பாடு ஆகட்டு, நான் யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

தட்டு மாற்றாமல் பந்தி போடுவது எங்கள் பக்கத்து வழக்கமே இல்லை. லட்சுமிப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது. ஹரிகுமார் தன் அப்பாவைப் பார்த்தான். வள்ளிநாயகம் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தன் அண்ணனைப் பார்க்கவே பயந்து தரையைப் பார்த்தாள். எனக்கு ரத்தம் கொதித்ததில் பக்கத்திலிருந்த மோர் திரிந்திருக்கும். ஆனாலும் இலை போடச் சொன்னேன்.

எங்கள் ஊர்ப் பந்தியில் ஒரு சட்டம் உண்டு. விளம்புகிறவன், அதாவது பரிமாறுகிறவன், வரும்போது இலைக்கு மேலே கையை விரித்து நீட்டினால் போதும் என்று அர்த்தம். அதற்குமேல் வற்புறுத்த மாட்டான், அடுத்த இலைக்குப் போய்விடுவான். சிதம்பரதாணுவோ கையை வீசாமல் பேசத் தெரியாதவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். மனம் குளிர்ந்தது.

அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சோறு வரும் நேரம் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு சம்சயம். இந்த ஹங்ரிக்கும் ஸ்டார்விங்குக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி வே! ஹங்ரின்னா சாதாரண பசி. ஸ்டார்விங்னா பட்டினியில சாவக் கெடக்கது. ரெண்டையும் ஒண்ணாட்டு நெனைக்கவன் மனுசனே இல்ல, கேட்டேரா?" கை இலைக்கு மேலே விரிந்தது. சோறு போய்விட்டது.

பருப்பு வந்தபோது 'ஸ்மெல்', 'அரோமா' கேட்டேன். சாம்பார் வந்தபோது 'ஹாட்', 'ஸ்பைஸி'. பப்படத்துக்கு 'பிரேக்', 'கிரஷ்'. புளிசேரி வந்தபோது எனக்கு வார்த்தை தீர்ந்துபோய் 'ரோடு', 'ஸ்ட்ரீட்' என்று என்னவோ கேட்டுவைத்தேன். அதற்கும் கை வீசினார் மனிதர். அந்த வீச்சில் பந்தலின் தோரணம் அறுந்து விழுந்தது, அசம்பு மலையில் காற்று திசைமாறியது. அடைப்பிரதமன் மணத்துக்கொண்டே அவரைக் கடந்து போயிற்று.

பக்கத்து இலைக்காரர் மோர் குடித்து ஏப்பம் விட்டபோதுதான் அவர் கீழே பார்த்தார். ஓரத்தில் வைத்த தொடுகறிகள் வைத்தபடி காய்ந்து கிடந்தன. நடு இலை கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தது. பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வே, இங்க யாரும் சோறு விளம்பல்லியே!"

"நீங்கதானே அண்ணாச்சி கைய நீட்டி வேண்டாம்னிய" என்றான் விளம்புகிறவன். குண்டான் கழுவப் போய்விட்டதாம், அடுத்த பந்திக்கு இனிமேல்தான் சோறு வடிக்க வேண்டுமாம்.

லட்சுமிப்ரியாவுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை மட்டும் கொஞ்சம்கூட மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். அவளாகவே உள்ளே போய், புது வடியல் சோறு ஆவி பறக்கக் கொண்டுவந்து அவர் முன்னால் நின்றாள். கரண்டியில் அள்ளினாள். போடவில்லை.

"மாமா, நீங்க இப்பம் ஹங்ரியா, ஸ்டார்விங்கா? சொன்னாத்தான் எத்தர போடணும்னு தெரியும்."

அவர் சோற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி சோற்றைப் பார்த்தார். காலையில் கோட்டாற்றிலிருந்து ஒரு காப்பியோடு கிளம்பியவர்.

"எந்த எழவானா என்னட்டி மக்கா! எல்லாம் ஒண்ணுதான்! நீ சோத்தப் போடு!"

ரசம் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரை ஏறியது. முதலில் எழுந்தது வள்ளிநாயகம். மச்சானை எதிர்த்து வாழ்நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"எல்லாரும் கேட்டியளா? எல்லாம் ஒண்ணுதான்னு மச்சானே சொல்லியாச்சு. இனி பரீட்சை என்னத்துக்கு? தட்டை எடுங்க!"

பந்தி முழுவதும் எச்சில் கை. சிதம்பரதாணுவின் கையில் மட்டும் ஒரு பருக்கை ஒட்டியிருக்கவில்லை, கழுவவே வேண்டாம். நான் தட்டை நீட்டினேன். அவர் லட்சுமிப்ரியாவின் கரண்டியைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். பெண்கள் குரவையிட்டார்கள். அதன்பிறகு அவள் போட்டாள் பாருங்கள், சோறு! எதிர் இலைக்காரருக்கு அவர் முகம் தெரியாத உயரத்துக்கு. அத்தனையையும் ஒரு வித்தியாசமும் பார்க்காமல் சாப்பிட்டார்.

அன்று மாலையே மீனாட்சியம்மாளிடம் சொன்னேன். "ஆளப் பாரு! இங்கிலீஷுல எல்லாம் ஒண்ணுதான்னு அந்த மனுசன் சொல்லுவாராக்கும்? கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டாரு" என்றாள். லட்சுமிப்ரியாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். பெரியப்பாவுக்குத் தப்பாத பிள்ளை என்று அவளையும் தள்ளிவிட்டாள்.

கல்யாணத்தன்று மீனாட்சியம்மாளே சிதம்பரதாணுவைத் தேடிப் போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதீங்க. எங்க வீட்டுக்காரரு ஊரெல்லாம் ஒரு புளுகு புளுகிட்டு நடக்காரு. நிச்சயத்தன்னைக்கு நீங்க எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னியளாம்..."

சிதம்பரதாணு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "வயிறு சொன்னதும்மா. வாயி சும்மா கூடப் போச்சு" என்றார்.

அவள் திரும்பி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. என் கண்ணைப் பார்க்காமல், புடவைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி சொன்னாள்:

"தோரணம் அறுந்ததும் காத்து திரும்பினதும் புளுகு. மத்தது... நடந்ததுதான்."