நழுவிய சுருதி

அன்று மேடையில் நாங்கள் எந்தச் சுருதியில் தொடங்கினோம் என்று கேட்டால் இப்போதும் பாடிக் காட்டுவேன். ஆனால் அதுதான் சரி என்று சத்தியம் செய்ய மாட்டேன். காதும் நினைவும் சேர்ந்து ஆளை ஏமாற்றுவதை மாமா விஷயத்தில் பார்த்துவிட்டேன்.

மாமா என் அக்காவின் கணவர். அக்கா நடத்திய பாட்டுக் குழுவில் அக்காவையும் என்னையும் சேர்த்து ஐந்து குரல்கள், கீபோர்டு மாமா. பாட்டின் நடுப்பகுதியை வாத்தியமில்லாமல் பாடுவோம். கடைசிச் சரணத்தில் கீபோர்டு சேரும். சேர்ந்ததுமே தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும்.

"மறுபடியும் சொதப்பிட்டீங்க," என்பாள் அக்கா.

"கீபோர்டு சுருதி எப்படிம்மா மாறும்? நீங்கதான் பாடப் பாட இறங்கிடுறீங்க."

"அஞ்சு பேருமா? ஒரே மாதிரியா?"

"ஆமா. கூட்டுக் களவாணிங்க."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "வர்ற விழாவிலயும் இப்படின்னா, அதோட உங்களுக்குக் குழுவில இடமில்ல. வீட்ல உட்கார்ந்து வாசிங்க."

மாமாவின் முகம் சுருங்கியது. நாளெல்லாம் அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவருக்கு இந்த ஒத்திகைதான் மூச்சு. கைபேசியில் பதிவு செய்ததைப் போட்டார். முழுதாகக் கேட்டால் எங்கள் பாட்டில் பிசிறே இல்லை. பிறகு முதல் வரியையும், கீபோர்டு சேருமுன் பாடிய வரியையும் அடுத்தடுத்து ஓட்டினார். இரண்டும் வேறு வேறு சுருதி!

"நைசா இறங்குறீங்க. காதும் கூடவே இறங்கிடுது. கடைசியா வர்ற நான் திருடன்."

"ஃபோன்ல ஏதோ கோளாறு," என்றாள் அக்கா.

விழாவன்று நடந்ததை மாமா பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். நாங்கள் வாத்தியமில்லாமல் பாடும்போது, அவர் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் திருகைக் கொஞ்சம் கீழே இறக்கினார். மேடைக்குப் போகும் ஒலியை அடைத்துவிட்டு, ஒற்றைக் காதில் ஹெட்போனோடு ஒரு சுரத்தை அழுத்திப் பார்த்தார். திடுக்கிட்டார். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் நாங்கள் அன்று ஏறிக்கொண்டிருந்தோம்! அவசர அவசரமாக மேலே திருகினார். சரணம் வந்தது. எங்கள் குரல்களுக்கடியில் கீபோர்டு வெண்ணெயாக நுழைந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா, "இன்னிக்குத்தான் ஒழுங்கா வாசிச்சீங்க," என்றாள்.

மாமா கீபோர்டை உறையில் போட்டு மூடினார். பிறகு, "அடுத்த நிகழ்ச்சி என்னிக்கு?" என்றார்.

அக்கா இன்னும் குழுவை நடத்துகிறாள். மாமா வாசிக்கிறார். மற்ற மூவரும் பாடுகிறார்கள். நான் வேலை மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டேன், பாடுவதில்லை.