மெதுவாக நடப்பவள் முன்னால்

காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். எங்கள் அளவுக்குத் தீயைக் கண்டு பயப்படுகிறவர்கள் யாருமில்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான் எங்கள் வேலையே நடக்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோ மலைச்சரிவில் அன்று காலை நாங்கள் இருபது பேரும் இறங்கியதும், தலைவர் லாய்ட் வழக்கம்போல எங்களை நடக்கவிட்டார். மேலே, போன வாரமே எரிந்து முடிந்த கரிமேடு இருந்தது. மறுபடி எரிய அங்கே புல்கூட இல்லை. தீ எங்கள் பக்கம் திரும்பினால் ஓடிப்போய் நிற்கவேண்டிய இடம் அதுதான். வேலை செய்யும் இடத்திலிருந்து அதுவரை எல்லோரும் மூட்டையோடு ஏறிக் காட்டவேண்டும். கடைசியாக வந்து சேர்கிறவரின் நேரம்தான் குழுவின் நேரம். அதைக் கணக்கில் வைத்து லாய்ட் கீழே ஓர் அடையாளம் சொல்வார். தீ அதைத் தொட்டால் கிளம்பிவிட வேண்டும். அன்று ஓடைக்கரையில் இருந்த வெள்ளைப் பாறையைச் சொன்னார்.

கேரிஸ் முன்வரிசை ஆட்களோடு ஏறிவிட்டாள். இருபத்தாறு வயது. தீ பரவாமலிருக்க மரங்களை அறுக்கும் மெஷின் ரம்பம் அவள் கையில், அவள் அறுத்துப் போடும் கிளைகளை இழுத்து எறிவது என் வேலை. மூன்று கோடையாக எங்களுக்கு இதுதான். கடைசியாக மூச்சிரைக்க வந்தவன் தடியன் பெக்கெட்.

"டேய் பெக்கெட், உன் தொப்பைய நம்பித்தான்டா நாங்க இருக்கோம்," என்று மேலிருந்து கத்தினாள். "இன்னும் மெதுவா வா. அப்பத்தான் எங்களுக்கு நேரம் கூடக் கிடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மத்தியானம் சாய்ந்து கிடந்த ஒரு பைன் மரத்தை அறுக்க அவள் மண்டியிட்டாள். அறுத்து முடித்தாள். எழுந்திருக்கவில்லை. ரம்பத்தை அணைத்துவிட்டு, மரத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"என்ன, பிரார்த்தனையா?" என்றேன்.

"நோலன், கிட்ட வா. கத்தாத."

அவள் வலது கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மேலே மடக்கவும் முடியவில்லை. கதவுக்குள் துணி மாட்டிக்கொண்டதுபோல முழங்கால் பூட்டிக்கொண்டிருந்தது. மல்லாக்கப் படுத்து, இரண்டு கையாலும் தொடையைத் தூக்கிப் பிடித்து, காலைத் தளர்வாக ஆட்டினாள். பழகிய கை என்று பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே ஏதோ 'டக்'கென்று நகர, கால் நீண்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தன நாளா?"

"பனிச்சறுக்குல விழுந்தேன்ல, அப்பலேர்ந்து. ஸ்கேன் எடுத்தாங்க. குருத்தெலும்பு ஒரு இடத்துல பேந்து போச்சாம். அந்தத் துண்டு உள்ளயே சுத்துது. இடுக்குல மாட்டினா இப்படி."

"ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதுதானே?"

"பண்ணினா ஒரு வருஷம் வேலை இல்ல. அதுக்கப்புறம் மலை ஏறலாமான்னு கேட்டா டாக்டர் ஜன்னலப் பாக்குறார். படி ஏறும்போது உள்ள மணல் அரைக்கிற மாதிரி சத்தம் கேக்குதுடா. எனக்கு எவ்வளவு பயமா இருக்கு தெரியுமா? இது இல்லன்னா நான் யாரு? ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கவா?"

பாவமாகத்தான் இருந்தது. அவளைத் தூக்கி நிறுத்தினேன். காலை ஊன்றியதும் பல்லைக் கடித்தாள். கால்சட்டைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"காலைல வலி மாத்திரை போட்டுட்டா நடந்த?"

அவள் கால்சட்டைப் பையைத் தொட்டாள்.

"எத்தன?"

"நாலு."

குழுவில் கடைசி ஆள் பெக்கெட் என்று நம்பி லாய்ட் பாறையைக் குறித்திருக்கிறார். நிஜத்தில் கடைசி ஆள் இவள். இவள் மாத்திரை போட்டு ஏறியதை நம்பிப் போட்ட கணக்கில் இருபது பேர் நின்றுகொண்டிருக்கிறோம். தீ பாறையைத் தொட்ட பிறகு கிளம்பினால் இவள் கரிமேட்டுக்குப் போய்ச் சேரமாட்டாள். இவளை விட்டுவிட்டு நாங்களும் போகமாட்டோம்.

"சொல்லிடு," என்று வாக்கிடாக்கியை நீட்டினேன்.

"சொன்னா இன்னிக்கோட நான் முடிஞ்சேன்."

"சொல்லலன்னா எல்லாரும் முடிஞ்சோம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"துரோகி."

"ஆமா. பேசு."

காற்று கீழிருந்து மேலாக வீச ஆரம்பித்திருந்தது. ஓடைப் பக்கம் வெளுத்திருந்த புகை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. வாக்கிடாக்கியை வாங்கினாள்.

"லாய்ட், கேரிஸ் பேசறேன். என் முழங்கால் போச்சு. காலைல நான் நடந்தது பொய். அந்த நேரம் எனக்குச் செல்லாது."

குழு முழுவதும் கேட்டிருக்கும். பிறகு லாய்டின் குரல்: "எல்லாரும் வேலைய விடுங்க. இப்பவே மேல ஏறுங்க. கேரிஸ் முன்னாடி."

மெதுவாக நடப்பவர் முன்னால், அவரை யாரும் தாண்டக்கூடாது. இது எங்கள் சட்டம். பெக்கெட் அவள் மூட்டையை வாங்கிக்கொண்டான், நான் ரம்பத்தை எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு குச்சியை ஊன்றி ஏற, பின்னால் பதினெட்டு பேர் அவள் வேகத்தில் ஏறினோம். ரயில் வருவதுபோலக் கீழே ஓர் இரைச்சல் எழுந்தது. கழுத்தின் பின்புறம் சுட்டது. அவளைத் தள்ளிவிட்டு ஓடு என்று என் கால்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. மற்றவர்களின் கால்களும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

"தாண்டிப் போங்கடா!" என்று அழுதுகொண்டே திரும்பினாள்.

"வாய மூடிக்கிட்டு நட," என்றான் பெக்கெட்.

பாதி தூரம் தாண்டியிருப்போம். தீயைக் கவனிக்கக் காலையிலிருந்தே மேலே காவலுக்கு நின்ற எங்கள் ஆள் வாக்கிடாக்கியில் சொன்னான்: "பாறை போச்சு." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லாய்டின் கணக்குப்படி நாங்கள் அப்போதுதான் கிளம்பியிருக்க வேண்டும்.

கரிமேட்டில் கால் வைத்ததும் ஆளாளுக்குச் சாம்பலில் விழுந்தோம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் வந்த வழி முழுவதும் நெருப்பாக இருந்தது. லாய்ட் தலைகளை எண்ணிவிட்டு அவளிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வண்டி வரும். ஆஸ்பத்திரிக்குப் போ," என்றார். அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள்.

அப்போது பெக்கெட் தொண்டையைச் செருமினான். "எனக்கு இடது காது கேக்காது லாய்ட். போன வருஷத்துலேர்ந்து. அந்தப் பக்கம் வாக்கிடாக்கி இருந்தா ஒண்ணும் கேக்காது."

லாய்ட் மெல்லத் திரும்பினார். சாம்பலில் படுத்திருந்த ஹோபார்ட் வானத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கு மூச்சு. புகையில நிக்க முடியல. மருந்து பையில இருக்கு, யாருக்கும் காட்டல."

பின்னால் யாரோ முதுகு என்றார்கள். இன்னொருவன் பேசாமல் தோளைத் தொட்டுக் காட்டினான். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மூன்று கோடையில் நாங்கள் நடந்து காட்டிய நடைகளையும், அவற்றை நம்பி நெருப்புக்குப் பக்கத்தில் நின்ற இடங்களையும் நினைத்ததும், தீ வரமுடியாத கரிமேட்டிலும் எனக்குப் பல் கிட்டியது.

லாய்ட் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல.

"காலைல மறுபடி நடக்கணும்," என்றார் கடைசியில். "யாரும் மாத்திரை போடாம."