மூன்று லென்ஸ், பத்துப் படம்

"கடைக்காரர் என்னதான் சொன்னாரு?"

"பெரிய வாய் லென்ஸ் இருட்டுலகூட படம் எடுக்குமாம். சின்ன வாய்க்கு வெளிச்சம் வேணுமாம். விலை மலைக்கும் மடுவுக்கும்."

"பெரிய வாய் எதுக்குண்ணே? அதான் வீட்ல அண்ணி இருக்காங்களே."

அண்ணன் சிரித்துக்கொண்டே கழுவிய பிலிமைத் தங்கையின் கடை மேசைமேல் வைத்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். விடுமுறை கிடைத்தால் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு பாலம், தண்ணீர்த் தொட்டி என்று படம் எடுக்கப் போய்விடுவான். அவள் இந்தக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறாள். ஓட்டுநர்களும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அவளிடம்தான் வரவேண்டும். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகக் கடைசி வரி வரை படித்து, அவள் கையெழுத்து விழாமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. இந்த வியாழக்கிழமை அண்ணன் முறை. தினமும் காலையில் அவள் வேலைக்கு வருவதும் அவன் பேருந்தில்தான்.

ஆறு மாதமாக அவன் படங்கள் மசமசவென்று வந்துகொண்டிருந்தன. பழி முழுக்க கேமராவோடு வந்த லென்ஸ்மேல் விழுந்தது. கைக்கடிகாரத்தை ஈடாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய கேமராக் கடையிலிருந்து இரண்டு லென்ஸ்களைச் சோதித்துப் பார்க்க வாங்கி வந்திருந்தான். ஒன்றுதான் கட்டுப்படியாகும், அதுவும் சின்னது என்றால். பெரியதற்கு வண்டியை விற்கவேண்டும், வண்டியோ அவனுடையதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடையின் பழைய எழுத்து அட்டையை வீட்டுக் கதவுநிலையில் தொங்கவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினான். லென்ஸுக்கு மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் கேமராவில் கண்ணை வைத்து, அட்டை தெளிவாகும்வரை லென்ஸ் வளையத்தைத் திருகி. எல்லாமே வாயை முழுசாகத் திறந்து வைத்து. அப்போதுதான் லென்ஸின் குட்டு வெளிப்படும் என்பது அவன் கட்சி. எது கடைசி வரியைக் காட்டுகிறதோ அது வீட்டுக்கு வரும்.

அவள் பிலிமை ஒளிப்பெட்டிமேல் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்தாள். பழைய லென்ஸ், மங்கல். சின்னது, மங்கல். பெரியதும் அதே மங்கல்.

"மூணும் ஒரே குட்டையில ஊறின மட்டைண்ணே."

"பெரிசுமா? நல்லா பாரு."

நன்றாகத்தான் பார்த்தாள். ஐந்தாவது படத்தில் அட்டைக்கு முன்னாலிருந்த நாற்காலியின் பின்னலை ஒவ்வொன்றாக எண்ணலாம். எட்டாவதில், அட்டைக்குப் பின்னால் அடுத்த அறை அலமாரியில் இருந்த கடிகாரத்தின் முள் தெரிந்தது. லென்ஸ்கள் கூர்மையாகவே இருந்தன. அட்டையைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்திருந்தன.

பத்தாவது படத்துக்கு வந்தாள். கடைசி வரி செதுக்கி வைத்ததுபோல் நின்றது.

"இது தெளிவா இருக்கு."

"நான்தான் சொன்னேனே! சின்னதா, பெரிசா?"

"பழசு. பழைய லென்ஸைத் திரும்ப மாட்டிட்டு, பிலிம்ல ஒண்ணு மிச்சம் இருக்கு, நீ தட்டுன்னு என் கையில குடுத்தியே, நான் வளையத்தைத் திருகிப் பாத்து எடுத்தது."

அண்ணன் பிலிமை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப காசு மிச்சம்," என்றான்.

"கேமராவை எந்தக் கண்ணுல வெச்சுப் பாக்குற?"

"வலது. எல்லாரும் அப்படித்தானே."

அவனை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னாள். மூன்று வரி கடகடவென்று வந்தது. நான்காவதில் நின்றான்.

"நடுவுல யாரோ விரல் வெச்சுத் தேச்ச மாதிரி இருக்கு."

சோதனைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள். நான்கு போட்டாள், ஐந்தாவதும் போட்டாள். தேய்த்தது தேய்த்தபடியே இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"உனக்கே இப்பத்தானே தெரியுது."

"இது கண்ணாடி போட்டுத் தீர்ற விஷயம் இல்லண்ணே. நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும்."

"போறேன். யாரு மாட்டேன்னா? வைத்தியம் பாக்கவும் சம்பளம் வேணும்ல."

அவள் கையை எடுத்தாள். அவன் இரண்டு கண்களையும் சிமிட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் லென்ஸ்களைத் துணியில் சுற்றினான். பெரியதை முதலில், பிறகு சின்னதை.

"இடது கண்ணு சுத்தமா இருக்கு. கடைசி வரி வரைக்கும் ஒப்பிப்பேன்," என்றான். "வியாழக்கிழமை, வலதுக்கு வரும்போது மட்டும்... மூணு வரியோட நிறுத்திக்கிறியா, பாப்பா?"