மூன்றாவது முள்

ஐந்தாவது துண்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, தடித்த பக்கத்திலிருந்து வால் பக்கமாக மெதுவாக இழுத்தாள். பச்சை மீன் குளிர்ந்து வழுவழுவென்று இருந்தது. நடுக்கோட்டில் ஒன்று விரல்நுனியைக் குத்தியது. அரை அங்குலம் தள்ளி இன்னொன்று. மொத்தம் ஏழு. மற்ற நான்கு துண்டுகளிலும் துண்டுக்கு ஏழு என்று இடுக்கியால் உருவி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டிருந்தாள். நாலேழு இருபத்தெட்டு. கிண்ணத்தில் எண்ணிப் பார்த்தால் இருபத்தேழுதான் வந்தது. திரும்ப எண்ணினாள். காணாமல் போனது இடுக்கியின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது.

அது அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் இடுக்கி. கண்ணாடிச் சட்டத்தின் திருகாணிகளைப் பிடிப்பதற்கானது. முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்திருந்தாள், வெந்நீரில் இரண்டு முறை கழுவியும் இருந்தாள். அதை வைத்து ஐந்தாவது துண்டில் முதல் முள்ளை எடுத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதுக்குப் போனாள்.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே பெரியது. அது அக்காவுக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே வீட்டில், இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவின் தொண்டையில் முள் சிக்கியது. அப்போதே அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. யாராவது ஊட்ட வேண்டும். அப்பாவுக்கென்று முள் எடுத்த துண்டை அவள் தனித்தட்டில் மூடி வைத்திருந்தாள். அக்கா அவசரக்காரி. அடுப்பிலிருந்த வாணலியில் கைக்கு வந்த துண்டைப் பிட்டு ஊட்டிவிட்டாள். மருத்துவமனையில் நான்கு நாள். வராந்தாவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்கா கேட்டாள்: "பாத்துச் செய்யக் கூடாதாடி?"

அந்த ஒரு கேள்வியோடு எல்லாம் முடிவாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. சமைத்தது அவள்தானே? அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். மூடி வைத்த தட்டு நினைவுக்கு வந்தபோது எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உண்மையிலேயே மூடி வைத்தோமா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும். தட்டின் நிறம், மூடியின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, வைத்தேன், வைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்பாவை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சித்தப்பா இவளுக்கு 'முள்ளு' என்று பெயர் வைத்தார்.

போன வாரம் அப்பா தொலைபேசியில் குழந்தை மாதிரி கேட்டார். "சின்னவளே, மீன் செய்றியா? உப்பு, மிளகு, போதும். உன் கையால தின்னு மூணு வருசமாச்சு."

வாணலியில் வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். உப்பு. மிளகு. தடித்த பகுதி வேக ஆறு நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பல். கண்ணாடி போல ஊடே தெரிந்த சதை, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பால் நிறமாகிக்கொண்டே வந்தது. எலுமிச்சையை வட்டமாக வெட்டி நான்கு துண்டுகளின் மேல் நடுவில் வைத்தாள். ஐந்தாவதில் மட்டும் ஓரமாக. அடையாளம் தப்பக் கூடாது.

அக்காவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிட வேண்டாம். ஒரு இருமல், கண்ணில் கொஞ்சம் தண்ணீர், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒரு தவிப்பு, அவ்வளவு போதும். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகக் கடைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருந்தாள். 'பாத்துச் சாப்பிடக் கூடாதாக்கா?' குரலை உயர்த்தக் கூடாது. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் கணவர் மாமா, அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அக்கா செருப்பைக் கழற்றும்போதே மீன் வாசனைக்கு மூக்கை உறிஞ்சினாள். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"என்னம்மா முள்ளு, இன்னைக்கு யாரு ஆஸ்பத்திரிக்கு?"

"சும்மா இருங்க சித்தப்பா," என்று மாமா சிரித்தார்.

"இல்ல மாப்ள, இவ ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறா. இவ கண்ணுக்கு முள்ளு தெரியலையே! விளக்கடியில இருட்டுங்கறது இதுதான்."

அவளும் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பது சுலபமாக இருந்தது. சோறு பரிமாறினாள், அவித்த பீன்ஸ் வைத்தாள். பிறகு ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு மீன். எலுமிச்சை ஓரமாக இருந்த துண்டு அக்காவின் தட்டுக்குப் போனது. அப்பாவின் தட்டை வைக்கும் முன் அந்தத் துண்டை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சுத்தம்.

அக்கா எலுமிச்சையை எடுத்து ஓரம் வைத்தாள். வால் பக்கம் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, கண்ணை எங்கோ நிறுத்தி, மெதுவாக மென்றாள். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கை. தொண்டை ஏறி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. முள் இருப்பது தடித்த பக்கம். இன்னும் இரண்டு வாய்.

"பரவால்ல, நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே தன் தட்டிலிருந்த தடித்த பகுதியைப் பெரிதாகப் பிட்டுச் சோற்றோடு சேர்த்து உருட்டினாள். அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, ஆ காட்டுங்க."

"அக்கா, அப்பா தட்டு அங்க இருக்கே?"

"இருக்கட்டும். என் தட்டுல நான் தின்னு பாத்ததைத்தான் அப்பாவுக்குக் குடுப்பேன். மூணு வருசமா இப்படித்தான். இட்லியா இருந்தாலும் சரி, மாத்திரையத் தவிர." மாமா ஆமாம் என்று தலையாட்டினார்.

தங்கைக்கு இது தெரியாது. மூன்று வருடமாக அக்கா வீட்டில் அவள் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லையே.

அப்பா வாயைத் திறந்துவிட்டார். கவளம் அவர் உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் இருந்தது. முள் அந்தக் கவளத்துக்குள் போயிருக்குமா, தட்டில் மிஞ்சியதில் இருக்குமா? கண் கவளத்தின் மேல் குத்திட்டு நின்றது. விரலால் தொட்டால் தெரியும். தொடாமல் தெரியாது.

"குடுக்காதக்கா!"

அவளுக்கே பழக்கமில்லாத ஒரு குரலில் கத்திவிட்டிருந்தாள். சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"என்னடி?"

"முள்ளு இருக்கு."

"பாத்தியா, நான் சொன்னேன்ல," என்று சித்தப்பா ஆரம்பித்தார். யாரும் சிரிக்காததால் பாதியில் விட்டுவிட்டார்.

அக்கா கவளத்தைத் தட்டில் இறக்கினாள். கட்டைவிரலால் அதைப் பரப்பி, அழுத்தி, சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே தேடினாள். அவள் விரல்கள் அந்த வேலைக்குப் பழகியிருந்தன, அவசரமே இல்லை. சீக்கிரத்தில் கிடைத்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தைவிட நீளமாக, ஒரு பக்கம் வளைந்து இருந்த முள்ளைத் தங்கையின் தட்டு விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள்.

"என் தட்டுல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கையின் கண் அடுப்பங்கரைப் பக்கம் போனது. அடுப்பங்கரை மேடையில் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் முப்பத்துநான்கு முட்கள் இருந்தன. பக்கத்தில் இடுக்கி. அக்காவின் பார்வை அவற்றின் மேல் போய், ஓரமாக எடுத்து வைத்த எலுமிச்சை மேல் வந்து, தங்கையின் முகத்தில் நின்றது.

"அப்போ அன்னைக்கும் உனக்குத் தெரியுமா?" மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல மெல்லத்தான் கேட்டாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

இல்லை என்று சொல்ல வேண்டும். மூடி வைத்த தட்டைச் சொல்ல வேண்டும். தட்டின் நிறம் என்ன? வெள்ளையா, நீலக் கோடு போட்டதா? மூடிக்குக் கைப்பிடி இருந்ததா? ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

அப்பாவின் கை மேசைமேல் நடுங்கியபடி இருந்தது. அவருக்குப் பசி. பெரியவளைப் பார்த்தார், பிறகு சின்னவளைப் பார்த்தார். யாராவது ஒருத்தி கொடுக்கட்டும் என்பது போல, திறந்த வாயை மூடாமலேயே காத்திருந்தார். அவர் தட்டில் அந்தச் சுத்தமான துண்டு, எலுமிச்சை நடுவில் இருக்க, ஆறிக்கொண்டிருந்தது.