ஏரிப் பக்கத்து ஜன்னல்

கேரவன் வாங்கப்போவதாக நாகூர் மீரான் சொன்னதும், பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்த செல்வம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எந்த ஹீரோவுக்கு அண்ணாச்சி?"

"ஹீரோவுக்கு இல்ல வே. சனி ஞாயிறு ஊர் சுத்த வாரவங்களுக்கு. வாடகைக்கு."

தாராவியில் மீரானின் தோல்பைப் பட்டறை இருந்த கட்டடத்தை அதன் உரிமையாளர் இடிக்கப்போகிறார். ஐம்பது தாண்டிய வயதில் இன்னோர் இடம் தேடி முதலிலிருந்து தொடங்க மீரானுக்குத் தெம்பு இல்லை. தையல் மிஷின்களை விற்று, நகரத்துக்கு வெளியே கர்ஜத் பக்கம் ஓர் ஏரிக்கரை முகாமில் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். இனி வீட்டுக்குச் சோறு போடப்போவது அதுதான். முகாம்காரர் ஒரே நிபந்தனை வைத்தார். வண்டி உங்களுடையது, நிலம் என்னுடையது. மழைக்காலம் முடிவதற்குள் தங்கினவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

இந்தக் கேரவன் ஊர் ஊராக ஓடுவது அல்ல. சக்கரம் உண்டு, ஆனால் ஒருமுறை இழுத்துவந்து நிறுத்தினால் அதோடு சரி. நின்ற பிறகு எடை சக்கரத்தின்மேல் இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தினால் டயர் தட்டையாகிப்போகும். அதனால் நான்கு மூலையிலும் திருகுக் கால்களை இறக்கி வண்டியை லேசாகத் தூக்கி வைக்கிறார்கள். கால்களுக்கு அடியில் அகலமான பலகை வேண்டும். இல்லாவிட்டால் மழையில் இளகிய மண்ணுக்குள் கால் இறங்கிவிடும். கடைசியில் மட்டம் பார்க்க வேண்டும். வண்டி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் குளித்த தண்ணீர் வடியாமல் மூலையில் தேங்கும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். மீரான் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு காலாகத் திருகினார்.

பிறகு உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்படி, கடைசிச் சுவரில் முக்கால்வாசிக்கு ஒரு ஜன்னல். மற்றதெல்லாம் காலி. காலிச் சுவரைப் பார்த்தால் மீரானுக்குக் கை பரபரக்கும்.

தாராவியில் தரையை அகலமாக்க முடியாது, உயரத்தைத்தான் இரண்டாக்கலாம். அறையின் பாதி உயரத்தில் கம்பி கொடுத்துப் பலகை பரப்பினால் மேலே ஒரு தளம். அதை மாலா என்பார்கள். மேலே ஒரு குடும்பம் தூங்க, கீழே பட்டறை நடக்கும். மீரான் கேரவனிலும் கட்டிலுக்கு மேலே, படுத்தால் கூரை முட்டாத அளவுக்கு ஒரு மாலா போட்டார். ஏறுவதற்கு மடக்கு ஏணி. கட்டிலுக்குக் கீழே இழுப்பறை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கொக்கி. அலமாரிக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அதை ஜன்னல் இருந்த சுவரில் அறைந்தார். செல்வம் வந்து பார்த்து அசந்துபோனார்.

"எட்டு பேரு படுக்கலாம் போலயே அண்ணாச்சி!"

"ஒம்பது. ஒருத்தர் ஒல்லியா இருந்தா."

முதலில் தங்கிய குடும்பம் 'நெரிசல்' என்று எழுதியது. அடுத்து வந்தவர்களும் கிட்டத்தட்ட அதையே எழுதினார்கள். மூன்றாவதாக அணுசக்தி நகரிலிருந்து பத்ரியும் அவர் மனைவி ஹரிதாவும் வந்தார்கள். ஞாயிறு மாலைவரை இருக்க வேண்டியவர்கள் காலையிலேயே சாவியை நீட்டினார்கள்.

"தப்பா எடுத்துக்காதேங்கோ பாய்," என்றார் பத்ரி. "ஒவ்வொண்ணும் அவ்வளவு சமத்தாப் பண்ணியிருக்கேள். ஆனா உள்ள படுத்தா ட்ரெய்ன்ல அப்பர் பெர்த்துல படுத்த மாதிரி இருக்கு."

"ராத்திரி தூங்கற நேரம் தவிர வாசல்லயேதான் உக்காந்திருந்தோம்," என்றார் ஹரிதா. "மழை வந்தப்பக்கூட."

முன்பதிவுகளைப் போனில் பார்த்துக்கொள்வது மகள் சாதியா. அன்று வீட்டில் அவள் பொறுமையிழந்தாள்.

"வாப்பா, மூணு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க. சப் நிகாலோ. எல்லாத்தயும் கழட்டுங்க."

"எட்டு பேரு படுக்கலாம்ளா. எவன் இப்படிச் செஞ்சு குடுப்பான்?"

"எட்டு பேரு ஒரே ரூம்ல படுக்கிறதுக்குக் கர்ஜத் எதுக்கு வரணும்? நம்ம வீட்டுக்கே வரலாம்ல."

மீரானுக்குக் கோபம் வந்தது. ஒரு கொக்கியைக்கூடத் தொட மாட்டேன் என்றார். அவர் மனைவி மெஹராஜ், "அடுத்த சனிக்கிழமை நானும் வாரேன். நம்ம வண்டிய நா இன்னும் பாக்கவே இல்லயே," என்றாள்.

சனிக்கிழமைக்கு யாரும் பதிவு செய்திருக்கவில்லை. மூவரும் குர்லாவில் மாறி கர்ஜத் லோக்கல் ரயிலைப் பிடித்தார்கள். கேரவனுக்குள் மீரான் இழுப்பறையை இழுத்துக் காட்டினார், ஏணியை மடக்கிக் காட்டினார். மெஹராஜ் எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்னாடி என்ன?"

"ஜன்னல்."

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம்?"

"ஏரி."

"ஏரிய மறைச்சா பானை சட்டிய அடுக்கி வச்சிருக்கிய?"

"வெளிய போய் நின்னா தெரியப்போவுது."

"வெளிய நிக்கதுக்கு வண்டி எதுக்குங்க?"

மீரானின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும். அந்தச் சந்தில் ஜன்னல் காற்றுக்காக வைப்பது. அதன் வழியாகப் பார்க்க எதுவும் கிடையாது. கேரவனின் அத்தனை பெரிய ஜன்னலைக் கண்டபோதும் அவர் மனதுக்குள் அளந்தது, எவ்வளவு சுவர் வீணாகிறது என்பதைத்தான்.

திருப்புளியை எடுத்தார். முதலில் அலமாரி இறங்கியது. பிறகு கொக்கிகள், ஏணி, கடைசியாக மாலா. பலகைகளைச் சாதியா வாங்கி வெளியே சாய்த்து வைத்தாள். சுவரெல்லாம் திருகு ஓட்டைகள். அவற்றை அடைக்க மெழுகு தேடியவர், கையில் சிக்கிய ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி நகர்ந்திருந்தது. அலமாரி இருந்த பக்கத்துக் கால், இத்தனை நாள் பாரத்தில் பலகையோடு மழை மண்ணில் கொஞ்சம் அழுந்தியிருந்தது. அவர் வெளியே போய் மழையில் குந்தி, கால்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திருகினார்.

திரும்பி வந்தபோது மெஹராஜ் ஜன்னலருகே கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏரியின்மேல் மழை கோடுகோடாக நகர்ந்துகொண்டிருந்தது. கரையோரம் ஓர் எருமை கழுத்தளவு தண்ணீரில் அசையாமல் நின்றது. அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. நடுவில் நிற்கப் பழகாதவர்போல மீரான் சுவரை ஒட்டியே நின்றார்.

சாதியா வாசலிலிருந்து ஜன்னலை மட்டும் படம் எடுத்து முன்பதிவுப் பக்கத்தில் போட்டாள். டீ ஆறுவதற்குள் போன் ஒலித்தது.

"வாப்பா! புக்கிங். தானேலேர்ந்து ஒரு ஜோடி. இன்னைக்கே வராங்களாம், நாளைக்கு சாயங்காலம்வரைக்கும்."

மீரானுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகுதான் மனைவியைப் பார்த்தார். மெஹராஜ் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கட்டில் விரிப்பை இழுத்துச் சுருக்கம் நீக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிருவோமா?" என்றார்.

"கிறுக்கா ஒங்களுக்கு? வரச்சொல்லுங்க." விரிப்பின் கடைசி மூலையையும் சரிசெய்தாள். "எத்தன மணிக்கு வாராங்களாம்?"

"நாலு மணிக்கு," என்றாள் சாதியா.

"அப்ப நேரம் கெடக்கு," என்று சொல்லி, விரிப்பு கசங்காமல் தரையில் உட்கார்ந்து, மறுபடி ஏரியைப் பார்த்தாள்.